வராமல் இருக்கச் சேர்ந்தவர்கள்

கோரைக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இருக்கிறது ஐயா! உபயோகிக்காமல் புத்தம் புதுசாக வைத்திருக்கிறார்கள். அதிலும் கொம்பையா, சொள்ளமுத்து, ஆவுடையப்பன் மூவரும் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு மாவு மில் முதலாளி வந்திருந்தார். "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஊர் சுத்துனவன் நான். இன்னைக்கு நாலு மில்லு, எட்டு லாரி!" என்று மைக்கில் முழங்கினார். பழைய சைக்கிளுக்கு டயர் மாற்ற வழியில்லாத, அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார் ஞானசிகாமணிதான் முதலில் கை தட்டினார்.

பின்வரிசையில் இருந்த நம் மூவரும் யோசனையில் ஆழ்ந்தார்கள். நாற்பது வயசு தாண்டியவர்கள். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள்.

"ஏன்வே, நாமளும்தான் பள்ளிக்கூடம் போகல. நமக்கு ஒரு லாரி டயர்கூட இல்லையே?" என்றான் சொள்ளமுத்து.

"நாம போகல. அவரு மட்டம் போட்டாரு," என்றான் கொம்பையா. "சேராதவன் எப்படிவே மட்டம் போட முடியும்? பொண்டாட்டி இல்லாதவன் பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டுப் போக முடியுமா?"

நியாயம்தானே! மறுநாளே மூவரும் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நின்றார்கள்.

பதினைந்து பிள்ளைகளாவது இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. இருந்ததோ பன்னிரண்டு. வாத்தியார் வயசைக் கேட்பாரா? ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

"ஒழுங்கா வருவீங்களா?"

"வரவே மாட்டோம் சார்வாள். சத்தியம்!" என்றார்கள் மூவரும்.

வாக்குத் தவறாதவர்கள். தினமும் பையும் தூக்குச்சட்டியுமாகக் கிளம்பி, பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஒளிந்துகொள்வார்கள். பெல் அடித்த பிறகுதான் மட்டம் ஆரம்பம். அதற்கு முன் சும்மா உட்கார்ந்திருப்பது கணக்கில் வராது என்பது கொம்பையாவின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பெல் அடிக்கவில்லை. கொம்பையா வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினான். "பள்ளிக்கூடத்தத் தொறங்க சார்வாள். நாங்க வராம இருக்கணும்."

"இன்னைக்கு லீவுல்லாவே!"

"லீவு உமக்கு. எங்க முன்னேத்தம் ஒரு நாள் போச்சே!"

ஒருநாள் இரண்டு பொடியன்கள் சுவரேறிக் குதித்தார்கள். மூவருக்கும் வயிறு எரிந்தது. "ஆளாளுக்கு வராம இருந்தா பள்ளிக்கூடத்த மூடிருவானுவளே! அப்புறம் நாங்க எதுக்குல மட்டம் போடுறது?" என்று காதைப் பிடித்து வகுப்பில் விட்டு வந்தார்கள். அன்று முதல் பிள்ளைகள் ஒருவராலும் தப்ப முடியவில்லை.

பிள்ளைகளை எண்ணிப் பார்க்க மேலிடத்து அதிகாரி வரும் நாள் வந்தது. வாத்தியார் புளியமரத்தடிக்கே ஓடி வந்து கும்பிட்டார். "இன்னைக்கு ஒருநாள் உள்ள வாங்கய்யா. நீங்க மூணு பேர் இல்லாட்டா என் பொழப்பும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு!"

உள்ளே போனால் மட்டம் போய்விடும். போகாவிட்டால் பள்ளிக்கூடமே போய்விடும். பாவம், ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் கொம்பையாதான் வழி சொன்னான். "உள்ள உக்காந்தே மட்டம் போடுவோம்வே."

அதிகாரி பேர் வாசித்தார். "கொம்பையா!"

கொம்பையா எழுந்து கைகட்டிச் சொன்னான்: "வரலய்யா."

"நீ யாரு?"

"கொம்பையா."

"அப்போ யாரு வரல?"

"கொம்பையா."

"வராதவன் இங்க எதுக்கு நிக்கிற?"

"வரலேன்னு சொல்ல வீட்டுல வேற ஆள் இல்லய்யா."

சொள்ளமுத்துவும் வரவில்லை என்று எழுந்து சொன்னான். ஆவுடையப்பன் தனக்குக் காய்ச்சல் என்றும் சேர்த்துச் சொன்னான். வாத்தியார் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரிக்கு வந்ததே கோபம்! "வராத மூணு பேரையும் இப்பவே தேடிக் கூட்டிட்டு வரணும். இல்லேன்னா இன்னைக்கே பூட்டு!"

"அவனுவ ஒளியுற எடம் எங்களுக்குத் தெரியும்யா!" என்று மூவரும் பாய்ந்து ஓடினார்கள். புளியமரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். கிளைகளில்கூடப் பார்த்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"காணோம்யா."

அதிகாரி தலைகளை எண்ணினார். பதினைந்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். "வந்தவங்க பதினஞ்சு, வராதவங்க மூணு. ஆகப் பதினெட்டு! இத்தனை பேருக்கு ஒத்த வாத்தியார் போதாதே? இன்னொருத்தரை அனுப்பச் சொல்றேன்!"

வாத்தியார் ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்தார். கொம்பையாவோ தேம்பித் தேம்பி அழுதான்.

"ஏன்வே அழுற? பள்ளிக்கூடம் பொழச்சிட்டுல்லா!" என்றான் ஆவுடையப்பன்.

"அதுக்கில்லவே. அந்த மூணு பேரும் மரத்தடிக்கே மட்டம் போட்டுட்டானுவ பாத்தியா? நாம இங்கயே கெடக்க, லாரி பூராவும் இனி அவனுவளுக்குத்தான்!"