ஆறாவது துளை

"என்னதான் மாஸ்டர் குறை இதுல? வாயைத் திறந்து சொல்லுங்களேன். மறுபடி மறுபடி திருப்பித் தர்றீங்க!"

பரஞ்சோதி ரிவால்வரின் உருளையை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார்.

தோட்டாக்கள் உட்காரும் அந்த உருளையில் ஆறு துளைகள். பெரிய தோட்டாவுக்காக ஒவ்வொன்றையும் அகலப்படுத்தியிருந்தார். உள்ளே முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு.

உரிமம் பெற்ற அந்தத் துப்பாக்கிப் பட்டறையில் குரு நவநீதம். சீடர் பரஞ்சோதியைவிட வயதில் இளையவர். அவர் முத்திரை குத்தாமல் எதுவும் வாசலைத் தாண்டாது.

"முதல் நாளே சொன்னேன் அண்ணே. பெரிய தோட்டான்னா அஞ்சு துளைதான்."

"துப்பாக்கி கொடுத்தவர் ஆறு கேட்டார். போட்டிக்குப் போறவர். ஆறுன்னு வாக்குக் கொடுத்துட்டேன். சாயங்காலம் வந்து நிப்பார்."

"வாக்கு நீங்க கொடுத்தீங்க. இரும்பு வாக்குக் கொடுக்கலையே."

"துளைக்கும் துளைக்கும் நடுவுல சுவர் இருக்கா இல்லையா?"

"இருக்கு. வெங்காயத்துக்குக்கூடத்தான் தோல் இருக்கு."

"தாங்கும் மாஸ்டர். பாதி ஆயுசு லேத்துல நின்னவன் சொல்றேன். நம்பிக்கை இல்லேன்னா சுட்டுப் பார்த்துடுவோம்."

நவநீதம் பெருமூச்சு விட்டார்.

"சுட்டுடுவோம்."

புதிதாகச் செய்த எதையும் முதல் தடவை கையில் பிடித்துச் சுடுவதில்லை; வெடித்துச் சிதறினாலும் சிதறும். அது பட்டறையின் வழக்கம்.

பரஞ்சோதி பின்கட்டில் ரிவால்வரை வைஸ் என்ற இரும்புப் பிடியில் வைத்து இறுக்கினார். தோட்டாவைப் போட்டார். விசையில் கயிறு கட்டினார். கயிற்றை விட்டுக்கொண்டே நடந்துபோய், மணல் மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினார்.

"இழுக்கட்டுமா?"

"ஒரு நிமிஷம்."

என்னவோ தரையில் உரசும் சத்தம். பரஞ்சோதி எட்டிப் பார்த்தார்.

நவநீதம் ஒரு முக்காலியை இழுத்துவந்து ரிவால்வருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டீ தம்ளர். முகத்துக்கும் உருளைக்கும் ஒரு முழம்கூட இல்லை.

"ம். இழுங்க."

"விளையாடாதீங்க மாஸ்டர். இந்தப் பக்கம் வாங்க."

"எதுக்கு? தாங்கும்னீங்களே."

"தாங்கும்! ஆனாலும் வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"சாயங்காலம் வர்றவர் சுடும்போது இங்கேதான் நிப்பார். நான் உட்காரக் கூடாதா?"

"எழுந்திருங்கன்னா!"

"டீ ஆறுது அண்ணே. இழுங்க."

பரஞ்சோதி கயிற்றை இறுக்கிப் பிடித்தார்.

"பிடிவாதம்! உங்க அப்பாவும் இப்படித்தான், நீங்களும் இப்படித்தான்!" என்று கத்தினார்.

கயிறு அசையவில்லை.

நவநீதம் ஒரு வாய் குடித்தார். ஊதி இன்னொரு வாய் குடித்தார்.

பரஞ்சோதி கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். தோட்டாவை வெளியே எடுத்தார். உருளையைக் கழற்றினார். கழிவு இரும்பு வாளிக்குள் வீசினார். வாளி கவிழ்ந்து உருண்டது.

இருவரும் அதை நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் துப்பாக்கி கொடுத்தவர் வந்தார். வாசலிலேயே கேட்டார்.

"ஆறு துளையும் தயாரா?"

"அஞ்சுதான் வரும். அதையும் இனிமேல்தான் செய்யணும்."

"என்னங்க இது? ஆறுன்னு நீங்கதானே சொன்னீங்க! எனக்கு ஆறுதான் வேணும்."

பரஞ்சோதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எரிச்சலோடு பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆறு வேணும்னா போய் அந்த முக்காலியில உட்காருங்க."