மகாராஜா கொடுத்த சம்மதம்

கொன்றைநாட்டுக்குக் கணினி வந்துவிட்டது. ராஜா மட்டும் இன்னும் போகவில்லை. அவர் பெயர் வீரகேது. அவருடைய ஆணைகளைத் தட்டச்சு செய்யும் அரண்மனை எழுத்தர் நான், அருள்சீலி. இந்தக் கதையில் வரும் புத்திசாலியும் நான்தான். நானே சொல்வதால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதியிலும் முக்கால்வாசி பயம்.

எங்கள் நாட்டில் மகாராஜா வாயால் சொன்னது மேற்கோள்குறிக்குள் போக வேண்டும். குறிக்குள் இருப்பது ஆணை. வெளியே இருப்பது எங்கள் உளறல்.

அந்தப் புதன்கிழமை காலை கிராமச் சாவடிகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தார்கள். திங்கள்வரை நேராக நின்ற மேற்கோள்குறிகள், செவ்வாய் மதியம் நான் அடித்த நாற்பது ஆணைகளிலும் கொக்கிபோல வளைந்திருந்தன. சாவடிகளின் பழைய கணினிகளுக்கு வளைந்த குறி தெரியாது. தெரியாத இடத்திலெல்லாம் அவை கேள்விக்குறியைப் போட்டுவிட்டன.

?நாளை மதகு திறக்கப்படும்? என்று போன ஆணைக்கு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று பதில் எழுதியிருந்தார்கள் கீழூர்க்காரர்கள்.

சபை கூடியது. பிரதானி அனந்தசயனம் எழுந்தார்.

"நான் அன்றைக்கே சொன்னேன் மகாராஜா. எழுத்து மண்டபத்தில் தூளி கட்டாதே என்றால் இந்தம்மா கேட்டாளா? குழந்தை விசைப்பலகையில் தாளம் போட்டிருக்கிறது!"

தூளியில் கிடப்பது என் எட்டு மாத மகள் மெர்லின். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தூளி வெளியே போனால் நானும் வெளியேதான்.

"சீலி, என்ன சொல்கிறாய்?" என்றார் மகாராஜா.

கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் பழகிய வாய் எனக்கு. செய்யாத தப்புக்கும் மன்னிப்புதான் முதலில் வரும்.

"சாரி, மகாராஜா."

"பார்த்தீர்களா! ஒப்புக்கொண்டுவிட்டாள்!" என்று குதித்தார் பிரதானி.

மகாராஜா கையை உயர்த்தினார். "மதியத்துக்குள் காரணம் தெரிய வேண்டும். குழந்தை என்றால் தூளி வெளியே போகும். வேறு யாரானாலும், நாற்பது ஆணையையும் இருபத்தாறு சாவடிக்கும் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும்."

மண்டபத்துக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கணினியை அணைத்துப் போடுவது. அணைத்துப் போட்டேன். குறி வளைந்தே இருந்தது. இன்னொரு தரம் போட்டேன். மாதாவை வேண்டிக்கொண்டு போட்டேன். மாதாவுக்கும் கணினி தெரியாது போலிருக்கிறது.

அப்புறம்தான் அமைப்புகளுக்குள் நுழைந்தேன். 'தானியங்கித் திருத்தம்' என்ற பக்கத்தில், 'நேர்க்குறியை வளைந்த குறியாக மாற்று' என்பதற்கு நேராக ஒரு டிக். நான் போடவில்லை. மெர்லினும் போடவில்லை, அவள் செவ்வாய் மதியம் முழுக்கத் தூங்கினாள். கணினி புதுப்பிக்கப்பட்டபோது அதுவே போட்டுக்கொண்டது. புதுப்பிக்கச் சொன்னது யார்? பதிவைத் திறந்தேன்.

'செவ்வாய், மதியம் 1.10. சம்மதம் அளித்தவர்: வீரகேது.'

இன்னொரு தரம் படித்தேன். மகாராஜாவேதான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொன்றைநாட்டில் சம்மதம் கொடுக்கும் உரிமை ராஜாவுக்கு மட்டும். அதனால் கணினி எதற்குச் சம்மதம் கேட்டாலும் கணினியையே தாம்பாளத்தில் வைத்து அவரிடம் தூக்கிக்கொண்டு போவோம். ஒரு நாளைக்கு இருபது தடவை. அவரும் பேச்சை நிறுத்தாமல் பொத்தானை அழுத்துவார். செவ்வாய்க்கிழமை மோர்க்குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் அழுத்தினார்.

"குற்றவாளி நீங்கள்தான்" என்று ராஜாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு ஏது? கரப்பான்பூச்சியிடமே நான் அப்படிப் பேசியதில்லை. ஆகவே கணினி கேட்பதுபோலவே திரையில் ஒரு பெட்டிச் செய்தியைத் தட்டினேன், அடியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வைத்தேன், தாம்பாளத்தோடு சபைக்குப் போனேன்.

"இவளை என்ன செய்யலாம் என்றால்..." என்று பிரதானி பேசிக்கொண்டிருந்தார். மகாராஜா அவரைப் பார்த்தபடியே விரலை நீட்டி அழுத்தினார்.

"காரணம் தெரிந்துவிட்டது மகாராஜா" என்றேன். "ஒப்புதல் வாக்குமூலமே வாங்கிவிட்டேன். பிரதானியார் படிக்கட்டும்."

அவருக்குக் கசக்குமா? தொண்டையைச் செருமிக்கொண்டு தூண் அதிரப் படித்தார்.

"குறிகள் வளைந்ததற்கு நானே காரணம்! என்ன ஏதென்று படிக்காமல் அழுத்தினேன்! நாற்பது ஆணையையும் என் கையாலேயே எழுதித் தருகிறேன்! சம்மதம் அளித்தவர்... வீர..."

மீதிப் பெயர் அவர் மீசைக்குள் போய்விட்டது.

"நானா?" என்றார் மகாராஜா. "நான் எப்போது சொன்னேன்?"

"இப்போதுதான் மகாராஜா. நேற்றும் இப்படித்தான், மோர்க்குழம்பு சாப்பிட்டபடி." பதிவைக் காட்டினேன். காட்டிய விரல் ஆடிய ஆட்டத்தில் அவர் எந்த வரியைப் பார்ப்பதென்று தவித்தார்.

மகாராஜா விரல்விட்டு எண்ணினார். "நாற்பதை இருபத்தாறால் பெருக்கினால்... அடேயப்பா! சீலி, வேறு வழியே இல்லையா?"

"இருக்கிறது மகாராஜா. டிக்கை எடுத்துவிட்டு, வளைந்ததையெல்லாம் ஒரே தட்டில் நேராக்கி மறுபடி அனுப்பிவிடலாம். சம்மதம் மட்டும் வேண்டும்."

அடுத்த பெட்டியை நீட்டினேன். மகாராஜா பொத்தானுக்குப் போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். பட்டம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு பெட்டியை எழுத்தெழுத்தாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"'எழுத்தரின் குழந்தை எழுத்து மண்டபத்திலேயே தூங்கலாம்.' மேற்கோள்குறிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தமில்லை மகாராஜா. நீங்கள் படிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் எழுதினேன்."

"படித்துவிட்டேனே!"

"அப்படியானால் தெரிந்தே சம்மதிக்கலாம்."

"படிக்காமல் அழுத்தியிருந்தால்?"

"குழந்தை அப்போதும் அங்கேதான் தூங்கியிருக்கும், மகாராஜா."

அவர் சிரித்த சிரிப்பில் மண்டபத்தில் தூங்கிய மெர்லின் விழித்து அழுதாள். மகாராஜா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினார்.