சந்து விடாத கரை

கொத்தனார் திருவேங்கடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் துறவு எண்ணம் வந்தது. வந்ததும், கையிலெடுத்த மற்ற வேலைகளைப் போல அதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட நினைத்தார். ஏரிக்கரை மடத்துக்குப் போய், தன்னைவிட வயதில் இளையவரான மடத்துத் தலைவி உண்ணாமுலை அம்மாவின் முன் நின்று காவி கேட்டார்.

அப்போது ஏரிக்கரையை அலை தின்றுகொண்டிருந்தது. மழைக்கு முன் கரையின் உட்சரிவில் அலையைத் தாங்கும் அலைக்கல் பதிக்காவிட்டால் கரை உடையும், கீழே இருக்கும் வயலெல்லாம் வெள்ளக்காடாகும். அந்த வேலையை முடியுங்கள், காவியைப் பிறகு பார்க்கலாம் என்றார் அம்மா.

அலைக்கல் பதிக்கிறவர்கள் சரிவில் சரளை பரப்பி, மேலே கல்லை அடுக்கி விட்டுவிடுவார்கள். பூச மாட்டார்கள். திருவேங்கடத்துக்கு அது சோம்பேறி வேலையாகப் பட்டது. ஒவ்வொரு இடுக்கையும் சிமெண்டால் அடைத்தார். எறும்பு நுழைய இடமில்லை.

"கொஞ்சம் சந்து விடலாமே" என்றார் அம்மா.

"சந்து விட்டா தண்ணி பூந்துடும்மா. நான் கட்டினது எதுவும் இதுவரைக்கும் ஒழுகினதில்ல."

வேலை நடுவில் ஒருநாள் அவர் மகள் தவமணி வந்தாள். அவர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டதால் அவர் ஒதுக்கி வைத்திருந்தவள். கைக்குழந்தையோடு கரைமேல் நின்று வெகுநேரம் அழுதாள். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவள் போன பிறகு, இனி எந்தத் துக்கமும் தனக்குள் வராது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். துறவிக்கு வேறென்ன தகுதி வேண்டும் என்பது அவர் கட்சி.

ஐப்பசியில் ஏரி தளும்பியது. அலை மோது மோதென்று மோதியும் ஒரு கல் அசையவில்லை. ஊரே மெச்சியது. திருவேங்கடம் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார்.

"தண்ணி இறங்கட்டும்" என்றார் அம்மா.

மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்சப் பாய்ச்ச ஏரி இறங்கியது. காற்றே இல்லாத ஒரு காலையில் கல்கட்டு வயிறு தள்ளி, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஈரமண் பின்னாலேயே வழிந்தது. திருவேங்கடம் ஓடிவந்து பார்த்தார்.

"அலைக்கே அசையாததை எதும்மா தள்ளுச்சு?"

"பெய்ஞ்ச மழையெல்லாம் கரைக்குள்ள ஊறி நின்னுச்சு. வெளிய ஏரி நிறைஞ்சிருந்த வரைக்கும் அது தாங்கிப் பிடிச்சுது. ஏரி இறங்கினதும் உள்ள இருந்தது வெளிய வரப் பார்த்துது. நீங்க வழி வைக்கல."

திருவேங்கடம் சரிந்த கல்மேல் உட்கார்ந்துவிட்டார். மகளை நினைத்துக்கொண்டார். மறைக்க முடியாமல் கண் கலங்கியது.

"அவளை உள்ள விட்டா நான் வெந்துபோயிடுவேம்மா. காவி கட்டுறவன் குளிர்ந்து இருக்க வேண்டாமா?"

அம்மா ஏரியைப் பார்த்தார்.

"இதுவும் குளிர்ந்துதான் இருக்கு. பகல் பூரா வெயிலை வாங்கி உள்ள வெச்சிக்குது. ராத்திரி பனியில கொஞ்சங் கொஞ்சமா விடுது. அதனாலதான் சித்திரையில நம்ம ஊர் வேகறதில்ல, மார்கழியில நடுங்கறதில்ல. வெயிலே படாம இந்த ஏரி குளிர்ந்து கிடக்குன்னா நினைச்சீங்க?"