மிளகும் கைப்பிடிச்சுவரும்

மிளகை ஏற்றிப்போகக் கப்பல்கள் பொன்னைச் சுமந்து வந்த காலம் அது, கேளுங்கள். மேலைக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் யூதர் தெரு என்று ஒரு தெரு. அங்கே மெனாகேம் என்று ஒரு மிளகு வியாபாரி. ஆள் நல்லவன்தான், அளவில் ஏமாற்ற மாட்டான். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! வேதம் முழுவதும் மனப்பாடம். எந்தச் சட்டத்தைச் சொன்னாலும் நழுவிப் போக ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவான்.

அவன் புது வீடு கட்டினான். மேலே மிளகு காயவைக்க விசாலமான மொட்டை மாடி. யூதர் வேதத்தில் ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். இல்லாமல் எவராவது விழுந்தால் பழி வீட்டுக்காரன் மேல். மெனாகேமுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் சுவர் வந்தால் நிழல் விழும், நிழல் விழுந்தால் ஓரத்து மிளகு காயாதே!

கொத்தனார் பொறையன் கேட்டான்: “முதலாளி, ஓரச்சுவர் வைக்கலையா?”

“மேலே ஏறப்போவது நான் ஒருத்தன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.”

ஜெபாலயத்தில் வேதம் வாசிக்கும் எசேக்கியேல் கேட்டார்: “தம்பி, மாடிக்குச் சுவர் எங்கே?”

“அது மாடியே இல்லை அண்ணா, மிளகுக் களம். கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். களத்துக்குச் சுவர் கட்டச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது?”

மனைவி சிம்ஹா கேட்டாள்: “யாராவது விழுந்துவிட்டால்?”

“பார்த்து நடக்க வேண்டியது அவர்கள் பாடு.”

“உங்களிடம் பேசி ஜெயிக்க முடியுமா?” என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். மறுநாள் பொழுது சாயும்வரை வேலை செய்யக் கூடாது. தன் வேலைக்குப் பிறரை ஏவவும் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை, கப்பல்காரர்களோடு பேரம் பேசிய மும்முரத்தில், மாடியில் காய்ந்த மிளகை அள்ள மறந்துபோனான் மெனாகேம். சனிக்கிழமை காலையில் கடல் பக்கம் வானம் கறுத்தது.

அள்ளக் கூடாது. அள்ளச் சொல்லவும் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

பக்கத்து வீட்டு மீன்காரி மாக்கோதையின் காதில் விழும்படி ஒரு பெருமூச்சு விட்டான். ஓய்வு நாள் கட்டுப்பாடு இல்லாத அவள், மீன் ஆய்வதிலிருந்து நிமிரவில்லை. இன்னொன்று விட்டான். அசையவில்லை. மூன்றாவது விட்டான் பாருங்கள், தெருவில் போன மாடே திரும்பிப் பார்த்தது.

“என்ன அண்ணே, வயிற்றுவலியா?”

மெனாகேம் வானத்தைப் பார்த்தான், மாடியைப் பார்த்தான், ஒன்றும் அறியாதவன்போலத் தரையைப் பார்த்தான்.

“அட, மிளகா? சொன்னால் வாயா வலிக்கும்!” என்றவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளிப்படியில் ஏறினாள். பாவம், உதவி செய்யத்தானே போனாள்! மழை பிடித்துக்கொண்டது. ஈரத் தளத்தில் உருண்ட மிளகின் மேல் கால் வைத்தாள். சறுக்கிக்கொண்டு போனவளுக்குப் பிடிக்க ஒரு சுவர் இல்லை. அடுத்த நொடி மாடி விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்கினாள். கீழே கல் பாவிய முற்றம்.

“அண்ணே, கை வழுக்குதே!”

மெனாகேம் ஓடினான். படிகளைத் தாவி ஏறினான். ஈரத்தில் குப்புறப் படுத்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தான். தூக்கத் தெம்பில்லை. “ஏணி! ஏணி!” என்று அலறினான்.

ஓய்வு நாளில் ஏணி தூக்கலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உயிர் போகிறதென்றால் ஓய்வு நாள் வழிவிடும். அதுவும் அவர்கள் சட்டம்தான். எசேக்கியேல் ஜெபத்தைப் பாதியில் விட்டு, ஜெபாலயத்து ஏணியோடு ஓடி வந்துகொண்டிருந்தார்.

மாக்கோதை சும்மா தொங்குகிறவளா? “சுவர் கட்டச் சொல்லி உங்கள் வேதத்திலேயே இருக்கிறதாமே? சிம்ஹா சொன்னாள்!”

“இருக்கிறது தங்கச்சி.”

“உங்கள் ஆட்கள் விழாமல் இருக்கவா?”

“இல்லை. யாருமே விழாமல் இருக்க.”

“பிறகு ஏன் கட்டவில்லை?”

மிளகெல்லாம் மழைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போனது. மெனாகேம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தேம்பித் தேம்பி அழுதான்.

ஏணி வந்தது. முழங்கை சிராய்ப்போடு மாக்கோதை தரையில் கால் வைத்தாள். மெனாகேம் இறங்கி வந்து கைகூப்பினான். “உன்னை ஏறவைத்தது என் தந்திரம். தப்பு என்னுடையது, தங்கச்சி. மன்னித்துவிடு.”

“மன்னிப்பு இருக்கட்டும். சுவர் எப்போது?”

“நாளைக்கு விடிந்ததும்.”

“ஏன், இன்றைக்கு என்ன?”

“இன்றைக்கு… ஓய்வு நாள்.”

மாக்கோதை சிரித்தாள் பாருங்கள், தெருவே சேர்ந்து சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பொறையனோடு மெனாகேமும் மண் சுமந்தான். இடுப்பளவுக்குச் சுவர் எழும்பியது. அதற்குப் பிறகு போட்ட ஓரத்து மிளகு இரண்டு நாள் தாமதமாகத்தான் காய்ந்தது. காயட்டுமே, என்ன அவசரம்?

ஆகவே மக்களே, நம் இடத்தில் பிறருக்கு வரக்கூடிய கேட்டை முன்கூட்டியே தடுப்பது நம் கடமை. ‘அது அவர்கள் பாடு’ என்று கைகழுவிவிட முடியாது.