சவரக்கத்தியில் இருந்த பேர்

இதை எனக்கு முதலில் சொன்னது கோமதியக்கா. என் சின்னவன் வயிற்றில் இருந்த வருஷம், மார்கழி பஜனை முடிந்து பொங்கல் பிரசாதத்துக்குக் காத்திருந்தபோது சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன், மதினி.

ஆற்றோரம் ஒரு மடம். அதில் சிற்றம்பல அடிகள் என்று ஒரு சாமி. அவருடைய சீடர் பேர் தாண்டவராயன். ஐம்பது வயதுக்கு மேல்தான் மடத்துக்கு வந்தவர். அதற்கு முன் ஊர் ஊராய்ப் போய்ப் பழைய சவரக்கத்திகளை வாங்குவார். எந்த ஊர் எஃகு, எந்தப் பட்டறையில் அடித்தது என்று தேடிக் கண்டுபிடிப்பார். அப்படி ஒரு பைத்தியம். காவி கட்டிய பிறகும் அது போகவில்லை.

மடத்திலும் ஒரு பழைய கத்தி இருந்தது. தீட்சை வாங்குகிறவர்களுக்கு அதில்தான் முடி எடுப்பார்கள். கைப்பிடிக்கு மேலே இங்கிலாந்து முத்திரை. "அசல் சீமை எஃகு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் தாண்டவராயன் எடுத்துக் காட்டுவார்.

ஒரு பௌர்ணமியன்று செல்லக்கண்ணு என்பவருக்குத் தீட்சை. கைப்பிடி ஆணி ஆடுகிறதே என்று தாண்டவராயன் காலையில் அதைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. கத்தியைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் ஓடினார்.

"ஏமாத்து வேலை சாமி! ஆணி ஓட்டைக்கிட்ட பாருங்க, வேற முத்திரையோட தடம். அதைச் சாணையில தேய்ச்சு அழிச்சுட்டு, மேல இந்தச் சீமைப் பேரைச் செதுக்கியிருக்கான்."

"அப்போ இது எந்த ஊர்க் கத்தி?"

"அதுதான் தெரியலை. இரும்பு எந்த மண்ணோ, எவன் காய்ச்சினானோ! ஆத்துல வீசணும் சாமி."

"மழுங்கிப் போச்சா?"

"எங்கே மழுங்குது? வாய் தங்கமா இருக்கு. அதுதான் எனக்கு ஆத்திரம்!"

சாமி சிரித்துவிட்டார். தாண்டவராயனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"சிரிக்காதீங்க சாமி. இன்னொரு மோசடியும் இருக்கு. அப்பா பேர் மாசிலாமணின்னு செல்லக்கண்ணு சொன்னானே, அவன் வளர்ந்த அநாதை விடுதிக்காரர் நேத்து இந்தப் பக்கம் வந்தார். மாசிலாமணி அங்க சமையல்காரராம். கல்யாணமே ஆகாதவராம்! சாமி சந்நிதியில நின்னு பொய் சொல்லியிருக்கான். அவனுக்குத் தீட்சை கூடாது. அனுப்பிடுங்க."

செல்லக்கண்ணு வாசலில்தான் நின்றிருந்தார். நாற்பது வயது மனுஷர். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

"உள்ளே வாப்பா. என்ன விஷயம், சொல்லு" என்றார் சாமி.

"பள்ளிக்கூடத்துல சேர்க்க என்னைக் கூட்டிட்டுப் போனது அந்தச் சமையல்காரர்தான் சாமி. அப்பா பேர் என்னடான்னு வாத்தியார் கேட்டார். தெரியாம அழுதேன். அவர் தன் பேரைச் சொல்லிட்டார். அவர் சாகிறவரைக்கும் அப்பான்னுதான் கூப்பிட்டேன். அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது." துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். "மூட்டையை எடுத்துட்டுக் கிளம்பட்டுமா?"

சாமி மணைப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாண்டவா, முதல்ல எனக்கு மழிச்சு விடு."

"எந்தக் கத்தியில சாமி?"

"கையில இருக்கே, அதுலதான்."

தாண்டவராயன் ஆணியை இறுக்கினார். கத்தி தீட்டும் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தார். தலையை மழித்தார், தாடையை மழித்தார். கத்தி தொண்டைக்கு வந்தபோது சாமி கேட்டார்:

"பூர்வீகம் தெரியாத கத்தியாச்சே. உன் கை நடுங்கலையே?"

"இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் இது கீறினதில்லை சாமி."

"செல்லக்கண்ணு இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"யாரையாவது கீறினானா?"

தாண்டவராயன் கத்தியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் மெதுவாக, "இருந்தாலும் சங்கல்பத்துல அப்பா பேர் சொல்லணுமே சாமி. யார் பேரைன்னு சொல்றது? கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்.

அந்த மடத்தில் சாமி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லையாம். அன்றைக்குப் போட்டார்.

"யோசிக்கணுமா? வாத்தியார் கேட்டப்போ அந்தச் சமையல்காரர் எவ்வளவு நேரம் யோசிச்சார்னு அவனைக் கேளு!"

தாண்டவராயன் செம்பில் தண்ணீர் எடுத்துச் செல்லக்கண்ணுவின் தலையை நனைத்தார்.

மதினி, வருகிற வெள்ளிக்கிழமை என் சின்னவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண் முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருகிறாள். தத்தெடுத்து வளர்த்த பெண் என்று உங்களுக்கே தெரியும். பெற்றவர்கள் யார் என்று அவளைக் கேட்க வேண்டாம். காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேளுங்கள், அது போதும்.