ஓடைக்குக் குறுக்கே ஒரு கோடு

சாத்தையா இருபத்தாறு வருடம் துளைபோடும் இயந்திரம் ஓட்டியவர். வரைபடத்தில் எங்கே கோடு இருக்கிறதோ, அங்கே இயந்திரத்தை நிறுத்திப் பாறையைத் துளைப்பார். தாது இருந்தால் மேலே வரும். பெரும்பாலும் வராது. அப்போதெல்லாம் கோடு போட்டவரை மனதுக்குள் திட்டிக்கொள்வார்.

ஐம்பத்துமூன்று வயதில், அந்தக் கோட்டைத் தானே போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. திலகவதி என்ற நிலவியலாளரிடம் வேலை கற்கச் சேர்ந்தார். திலகவதிக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. இருந்தாலும் சாத்தையா டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். டீச்சர் அவரை அண்ணே என்றார்.

இருவரும் நாட்டின் வடகிழக்கு மலைக்காடு ஒன்றில் மூன்று மாதமாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். சாலை முடிகிற இடத்திலிருந்து நான்கு நாள் நடை. அந்த மலையில் தாமிரத் தாது இருப்பது அறுபது வருடமாகத் தெரிந்த விஷயம். அவ்வப்போது யாராவது வருவார்கள், நாலு கல்லை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சுரங்கம் மட்டும் வரவில்லை.

இந்த முறை சுரங்கம் தோண்டலாமா வேண்டாமா என்று முடிவாகச் சொல்லியாக வேண்டும். தாதுப் பட்டை நீளமாக ஓடுகிறது என்று வரைபடம் காட்டினால், காட்டை வெட்டிச் சாலை போடுவார்கள். சாலை வரக்கூடிய வழியில் பதினோரு வீடுகள் இருந்தன. அந்த வீட்டு மனிதர்கள்தான் இவர்களுக்கு அரிசி சுமந்து வந்தார்கள்.

அரிசியும் தீரப்போகிறது. நனைந்த காலணிகள் காயவே இல்லை. அட்டை கடித்த இடமெல்லாம் புண். டீச்சருக்கு ஒரு வாரக் காய்ச்சல் அப்போதுதான் விட்டிருந்தது. இருவரும் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள்.

சுமைக்காரர்கள் வர இரண்டு நாள் இருக்கும்போது சாத்தையா வரைபடத்தை முடித்துக் கொண்டுவந்து வைத்தார். ஆழமான பள்ளத்தில் ஓடும் ஓடையின் மேற்குச் சரிவில் பட்டை இரண்டு சாண் அகலம், கறுத்த பாறைக்குள் தாமிரத்தின் பச்சைக் கறையாகத் தெரிந்தது. கிழக்குச் சரிவிலும் அதே அகலம், அதே பச்சை. இரண்டையும் சேர்த்து, ஓடைக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டிருந்தார்.

டீச்சர் அந்தக் கோட்டின் நடுவில் விரலை வைத்தார்.

"ஓடைக்குள்ள பாறை என்ன நிறம், அண்ணே?"

சாத்தையா பச்சை என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தான் இறங்கவே இல்லை என்று சொன்னார். விளிம்புவரை போனதாகவும், பள்ளத்தைப் பார்த்ததும் முழங்கால் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்போது நடுவில் மட்டும் மாறிவிடுமா என்று நினைத்துவிட்டாராம்.

டீச்சர் கோபப்படவில்லை. சுத்தியலையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, ஈரக் காலணிக்குள் காலை நுழைத்தார்.

"நான் போறேன் டீச்சர். நீங்க படுங்க."

"ரெண்டு பேரும் போவோம்."

இறங்க அரை நாள் ஆயிற்று. டீச்சர் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சாத்தையா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேற்குச் சரிவின் பச்சைக் கறையைப் பின்தொடர்ந்து வந்தார். ஓடையை எட்டும் இடத்தில் கறை சட்டென்று நின்றுவிட்டது. கையை வைத்தார். பாறை பிசுபிசுவென்று சாம்பல் நிறச் சேறாக விரலோடு வந்தது.

அந்தச் சேற்றை அவருக்குத் தெரியும். எத்தனையோ துளைகளிலிருந்து மேலே வந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ மலை உடைந்து, ஒரு பக்கம் நகர்ந்து, உராய்ந்து மாவாகிப்போன இடம் அது. ஓடை நெடுக மேலும் கீழும் நடந்து பார்த்தார்கள். பட்டையின் தொடர்ச்சி எங்கும் இல்லை. கிழக்குச் சரிவில் இருந்தது வேறு பட்டை. அதுவும் ஓடையைத் தொடுவதற்கு முன்பே மெலிந்து முடிந்திருந்தது.

சாத்தையா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். இந்தக் கோட்டை நம்பி யாரோ ஒருவன் இங்கே இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்திருப்பான் என்று தனக்குத் தானே பேசுவதுபோலச் சொன்னார். வரைபடத்தைத் தொடைமேல் விரித்துக் கோட்டை அழித்தார். இரண்டு பட்டைகளும் முடியும் இடங்களைக் குறித்தார்.

டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டார். ஏறுவதற்கு இன்னும் அரை நாள் இருந்தது. இருவருக்கும் எழுந்திருக்க மனமில்லை.

"டீச்சர், ஒருவேளை நான் போட்ட கோடு சரியா இருந்திருந்தா?"

"அப்பவும் நீங்க பார்க்கலையே, அண்ணே."