உப்புக்குளத்தில் கரைத்தவள்

முன்னொரு காலத்திலே, மீன் வாய் திறந்து பேசினால் ஜனங்கள் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலத்திலே, அல்லியூரில் கோமளவல்லி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மருதப்பன் உப்பு வியாபாரி. வண்டியில் உப்பேற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போனால் மாதங்கள் கழித்துத்தான் வருவான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டே பேர். கொஞ்சிக் குலாவ வேண்டியதுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை.

மருதப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "விளக்கை அணைங்க" என்பாள். அணைத்துவிட்டுக் கையை நீட்டினால், சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். இருட்டில் அவள் கைமேல் தலை வைத்துத் தூங்குவதோடு சரி. அவனைப் பிடிக்காமல் இல்லை. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு, பிள்ளை பெற்றுத் தொய்ந்த வயிறு, பருத்துப்போன கை. இதையெல்லாம் அவன் பார்த்துவிட்டால்? பார்க்காமலா மகள் பிறந்தாள் என்று அவளைக் கேட்க யாருமில்லை.

ஊருக்கு வெளியே இடிந்த கோயிலும் அதையொட்டி ஒரு குளமும் இருந்தன. மரு, பாலுண்ணி வந்தவர்கள் காலையில் போய் ஒரு பிடி உப்பைக் குளத்தில் போட்டுக் கும்பிடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடும். சரி, கரைந்தது எங்கே போகும்? அதை மட்டும் யாரும் யோசித்ததில்லை. உச்சிவெயிலில் அந்தப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள்.

கோமளவல்லி உச்சிவெயிலில்தான் போனாள். அப்போதுதானே யாரும் பார்க்கமாட்டார்கள்! படியிறங்கியதும், தண்ணீர் துளிகூட அசையாமல், ஒரு மீன் தலையைத் தூக்கியது. அது மூக்குத்தி போட்டிருந்தது.

"உப்பைப் போடு. உடம்பைக் காட்டு. உனக்கு வேண்டாதது எனக்கு வேணும்" என்றது.

"உனக்கு எதுக்கு?"

"எனக்குன்னு ஒரு பொம்பளை உடம்பு இல்லையே, தாயி."

கோமளவல்லி உப்பைப் போட்டுக் கன்னத்தைக் காட்டினாள். தழும்பெல்லாம் மறைந்து, தேய்த்துக் கவிழ்த்த வெண்கலக் கிண்ணம் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

மருதப்பன் திரும்பி வந்து அந்தக் கன்னத்தைத் தடவினான். விரல்கள் எதையோ தேடின.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்லை புள்ளே."

கன்னம் சரியாகிவிட்டது, இனி இவர் கண் வயிற்றுக்குத்தான் போகும் என்று அவளுக்குப் பயம் வந்தது. "விளக்கை அணைங்க" என்றாள்.

வண்டி மறுபடி கிளம்பியது. அவள் மறுபடி குளத்துக்குப் போனாள்.

"உப்பைப் போடு. உடம்பைக் காட்டு. உனக்கு வேண்டாதது எனக்கு வேணும்." இந்தத் தடவை மீனின் குரல் பெண்குரலாகத் தடித்திருந்தது. வயிற்றைக் கொடுத்தாள். மருதப்பன் வந்தான். வயிறு போனால் கை இருக்கிறதே! "விளக்கை அணைங்க."

மூன்றாம் தடவை மீனைக் காணோம். தண்ணீருக்கு மேல் மூக்குத்தி மட்டும் மினுங்கியது. அதற்குக் கீழே, கலங்கலில், ஒரு முகம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கோமளவல்லி ஒரு படி பின்வாங்கினாள். ஆனாலும் கையைக் கொடுத்தாள்.

இப்போது ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற அழகி அவள். மருதப்பன் வந்து பழைய வழக்கப்படி அவள் கைமேல் தலை வைத்தான். வைத்த வேகத்தில் எழுந்துவிட்டான்.

"சில்லுனு இருக்கு, கோமளம். வேறு யார் வீட்டுக்கோ வந்துட்ட மாதிரி இருக்கு."

அவள் வாய் பழக்கத்தில், "விளக்கை அணைங்க" என்றது.

"தெரியும் புள்ளே. மூட்டை தூக்கித் தூக்கி என் தோள் காய்ச்சுப் போச்சு. அதைப் பார்க்கச் சகிக்காமத்தானே இத்தனை வருஷமா அணைக்கச் சொல்றே?"

கோமளவல்லி திடுக்கிட்டாள். இப்படி ஒன்றை இந்த மனுஷன் மனசில் வைத்துப் புழுங்கியிருப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டான்.

காலையில் அவனைக் காணோம். உப்புப் பானை திறந்து கிடந்தது. தோள் காய்ப்பைக் கரைக்கத்தான் குளத்துக்குப் போயிருக்கிறான் என்று அவளுக்கு உறைக்கவே உச்சிப்பொழுதாகிவிட்டது. உச்சிவெயிலில் தலைதெறிக்க ஓடினாள்.

கடைசிப் படியில் ஈரத் தலைமுடியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி, அம்மைத் தழும்பு, தொய்ந்த வயிறு, பருத்த கை. அந்தக் கைமேல் தலை வைத்து மருதப்பன் கண்மூடிக் கிடந்தான். "இந்தக் கையை எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தான். தண்ணீருக்குள் அவன் பாதங்களைக் காணோம். கணுக்கால் வரை கரைந்திருந்தான்.

"உனக்கு வேண்டாதது எனக்கு வேணும்னு சொன்னேனே" என்று சிரித்தாள் குளத்துக்காரி. "இவரையும் நீ தள்ளித்தானே வச்சிருந்தே?"

கோமளவல்லிக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். பிசைய வயிறுதான் அவளிடம் இல்லை. தண்ணீரில் இறங்கி அந்தக் கையைப் பிடித்தாள்.

"இது என் கை. என் வீட்டுக்காரர் தலை வச்சுத் தூங்கற கை."

பிடித்த இடம் நெருப்பாய்ச் சுட்டது. கை அவளிடம் வந்துவிட்டது.

"இது என் வயிறு. என் மக இருந்த இடம்."

வயிறும் வந்துவிட்டது.

"இது என் கன்னம். அம்மையோட மல்லுக்கட்டிப் பிழைச்ச கன்னம்."

"அப்போ எனக்கு?" என்று ஒரு குரல் குழந்தை மாதிரி விசும்பியது. குளத்துக்காரி உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. ஆழத்துக்குள் ஒரு மீன் நழுவிப் போயிற்று.

ஆனால் மருதப்பன் எழவில்லை. முழங்கால் வரை கரைந்துகொண்டிருந்தான். உலுக்கினாள், கூப்பிட்டாள், அழுதாள். அவனுக்கு எழுந்திருக்க மனசில்லை.

"ஏங்க, நான் விளக்கை அணைக்கச் சொன்னது உங்களைப் பார்க்கப் பிடிக்காம இல்லைங்க. நீங்க என்னைப் பார்த்துடக் கூடாதுன்னு. எனக்கு என்னையே பிடிக்கலை. உங்களை எப்பவும் பிடிக்கும்."

அவன் இமை அசைந்தது. கோமளவல்லி சுட்டெரிக்கிற வெயிலில், இழுத்துப் போர்த்தியிருந்த முந்தானையை விலக்கினாள்.

"பாருங்க" என்றாள்.

அவன் பார்த்தான். சாவதானமாகப் பார்த்தான். பார்க்கப் பார்க்க முழங்கால் திரண்டது, கணுக்கால் திரண்டது, பாதம் படியில் ஊன்றியது. எழுந்து நின்றவன் வெட்கத்தோடு தோள்துண்டை எடுத்தான்.

"அப்போ நீயும் பாரு புள்ளே."

அவளும் பார்த்தாள். அப்புறம் என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? புருஷன் பெண்சாதி தனியாக இருக்கிற இடத்தில் நாம் நிற்பது மரியாதையில்லை. அவர்களும் சுகம், நாமும் சுகம். எழுந்திருங்கள், போவோம்.